கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாதாம்

1

"கம்ப்யூட்டரு சாதி பாக்காதுங்க." இந்த வாக்கியத்தைக் கேட்காமல் ஒரு மாதம் போனதில்லை எனக்கு. இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பி சொல்கிறார். கல்லூரியில் என்னோடு படித்து, இன்று பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிற நண்பர் சொல்கிறார். இட ஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேச ஆரம்பிக்கிறவர் முதல் வரியாகவே இதைச் சொல்கிறார். மகளைப் பொறியியல் படிக்கவைக்க வட்டிக்குக் கடன் வாங்கிய எங்கள் சேரிப் பெரியவரும் இதையேதான் சொல்கிறார்.

வாக்கியம் ஒன்றுதான். சொல்கிற வாயைப் பொறுத்து அர்த்தம் வேறாகிவிடுகிறது. எங்கள் பெரியவருக்கு அது ஒரு ஆசை. வயலில் பார்த்தாகிவிட்டது, செங்கல் சூளையில் பார்த்தாகிவிட்டது, பள்ளிக்கூடத்திலும் பார்த்தாகிவிட்டது. இந்தப் பெட்டியாவது பார்க்காமல் இருக்கட்டும் என்கிற ஆசை. இட ஒதுக்கீட்டை எதிர்க்கிறவருக்கோ அது தீர்ப்பு. 'பொட்டியே சாதி பார்க்கவில்லை, நீ ஏன் இன்னும் சாதி சாதி என்கிறாய்' என்று நம் வாயை அடைக்கிற தீர்ப்பு. ஆசையைத் தீர்ப்பாக மாற்றிக் காட்டுவது ஆதிக்கத்தின் பழைய வித்தை. ஆகவே இந்தப் பொதுப்புத்தி எங்கிருந்து வந்தது, அதற்குப் பின்னால் இருக்கிற வரலாறு என்ன என்று பார்க்க வேண்டியது நம் வேலை.

2

கணிப்பொறி என்பது அடிப்படையில் ஒரு கணக்குப் புத்தகம். எழுதிப்போட்டதை வைத்திருக்கும், கேட்டால் காட்டும். கிராமத்தில் கணக்கு யார் கையில் இருந்தது என்பதிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.

கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் பரம்பரை பரம்பரையாக ஊர்த்தெருவிலிருந்தே வந்தார்கள். சேரியிலிருந்து வந்தவர் வெட்டியான். எல்லைத் தகராறு என்றால் வரப்பு எங்கே இருந்தது என்று காட்டுவதற்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். இதை வெள்ளைக்காரர்களே வியந்து எழுதிவைத்திருக்கிறார்கள். எந்தக் கழனிக்கு எது எல்லை, எந்த மடையிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் என்பதெல்லாம் அவர் மனசில் இருந்தது. அதாவது ஊரின் ஞாபகம் எங்கள் பாட்டனிடம் இருந்தது. எழுதுகோல் மட்டும் அவர் கையில் இல்லை. அவர் நடந்து காட்டியதை வேறொருவர் எழுதினார். எழுதியவர் பெயரில் நிலம் சேர்ந்தது, நடந்தவர் காலில் சேறு மிஞ்சியது.

1891இல் செங்கல்பட்டு ஜில்லாவில் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அந்த நிலம் எங்கே போனது என்று கேட்டுத்தான் 1994 அக்டோபரில் காரணையில் நம் மக்கள் திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரை விட்டார்கள்.

1980இல் எம்.ஜி.ஆர். அரசு பழைய கிராம அதிகாரிகளின் பதவிகளை ஒழித்தது. தேர்வெழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். பரம்பரைக் கணக்கு ஒழிந்ததைக் கொண்டாட வேண்டியதுதான், சந்தேகமில்லை. கணக்குப்பிள்ளை போனார். ஆனால் அவர் எழுதிவைத்த கணக்கு போகவில்லை. 1979லிருந்து 1987 வரை நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அனுபோகத்தில் இருப்பவர் யார் என்று விசாரித்து எழுதினார்கள். யாரை விசாரித்தார்கள், எந்தத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பழைய அ-பதிவேட்டில் 'டி.சி. நிபந்தனை' என்று குறிக்கப்பட்டிருந்த பல நிலங்கள், புதிய பதிவேட்டில் அந்த இரண்டெழுத்து இல்லாமல், வேறொருவர் பெயரில் வந்து நின்றன. பின்னால் நிலப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றியபோது, இந்தப் புதிய பதிவேட்டைப் பார்த்துத்தான் ஏற்றினார்கள்.

3

எங்கள் குடும்பத்துக் கதையும் இதுதான். இதை நான் எழுதுவதற்குக் காரணமும் அதுதான். என் தாத்தாவின் அப்பாவுக்குக் கிடைத்த ஒன்றரை ஏக்கர் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது. அதில் கேழ்வரகு அறுத்த கதையை ஆயா இன்றும் சொல்லும். சில வருஷத்துக்கு முன்னால் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு நானும் ஆயாவும் இ-சேவை மையத்துக்குப் போனோம். தம்பி தட்டிப் பார்த்தார். ஊர்த்தெருக் குடும்பம் ஒன்றின் பெயர் வந்தது.

"அண்ணே, இதுல அவங்க பேருதான் வருது."

"தம்பி, அது பஞ்சமி நெலம். நல்லாப் பாருங்க."

"கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுண்ணே."

தாலுகா ஆபீசில் போய் நின்றோம். அங்கே இருந்தவர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தே பேசினார். "சிஸ்டத்துல அப்படித்தாம்மா இருக்கு. நான் என்ன பண்ண முடியும்?" முன்பெல்லாம் கணக்குப்பிள்ளை வீட்டு வாசலில் கைகட்டி நின்றால், குறைந்தபட்சம் நம்மைத் திட்டுவதற்காவது ஒரு ஆள் இருப்பான். யார் நம் நிலத்தைப் பிடுங்கினான் என்று கைகாட்டச் சொன்னால் காட்டலாம். இப்போது அந்த ஆள் இல்லை. எல்லாரும் திரையைக் காட்டுகிறார்கள்.

வெளியில் வந்து புளியமரத்து அடியில் உட்கார்ந்தபோது ஆயா கேட்டது: "அந்தப் பொட்டி தானா எழுதிக்குமா? யாராவது எழுதிப் போட்டாத்தானடா காட்டும்? யாரு எழுதிப் போட்டது?"

எழுதப் படிக்கத் தெரியாத என் ஆயா கேட்டதைவிடச் சரியான கேள்வியை எந்தக் கணிப்பொறி வல்லுநரிடமும் நான் கேட்டதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுப் பழைய அ-பதிவேட்டின் நகலை வாங்கினோம். அதில் தாத்தாவின் அப்பா பெயர் இருந்தது. குறிப்புக் கட்டத்தில் டி.சி. என்ற எழுத்தும் இருந்தது. இப்போது மனு நடந்துகொண்டிருக்கிறது. பழைய தாளில் இருக்கிற உண்மையைப் புதிய திரையில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் இத்தனை வருஷம்.

4

இதனால் கணிப்பொறியே நமக்கு எதிரி என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிற தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் திருவாரூரைச் சொல்ல வேண்டும்.

1999 தொடங்கித் திருவாரூர் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் சி. உமாசங்கர். தாழ்த்தப்பட்டோர் பட்டியலின் கீழ் ஆட்சிப்பணிக்கு வந்தவர். 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்திய கீழவெண்மணியை உள்ளடக்கிய அதே கீழத்தஞ்சைப் பகுதி. நிலமும் கணக்கும் யார் கையில் என்பதே அங்கே உயிர்ப் பிரச்சினை. அங்கேதான் தாலுகா அலுவலகங்களைக் கணிப்பொறிக்கு மாற்றும் வேலையை அவர் முன்னின்று செய்தார். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் நாள்கணக்கில் நடந்து, ஒவ்வொரு மேசைக்கும் கும்பிடு போட்டவர்களுக்கு, கும்பிடு போடாமல் ஒரு காகிதம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. கும்பிடுவதை நிறுத்துவதுதானே நம் அரசியலின் முதல் பாடம்?

2006க்குப் பின் அவர் அரசின் எல்காட் நிறுவனத்துக்குத் தலைவராகப் போனார். அங்கே லினக்ஸ் என்கிற கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். இந்தக் 'கட்டற்ற' என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். 1983இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கம் அது. மென்பொருளின் மூல வரிகளை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அதன் கொள்கை. மூலத்தை ஒளித்துவைத்துப் பலனை மட்டும் விற்பதற்கு எதிரான கொள்கை. வேதத்தைக் கேட்டாலே தண்டனை என்று விதித்த நாட்டில் இந்தக் கொள்கையின் அருமை நமக்குப் புரிய வேண்டும்.

ஆனால் 2010 சூலையில் உமாசங்கரையே அரசு இடைநீக்கம் செய்தது. சொல்லப்பட்ட குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அவருடைய சாதிச் சான்றிதழ் சரியில்லை என்பது. எதிர்ப்பு எழுந்து, அதே ஆண்டிலேயே இடைநீக்கம் விலக்கப்பட்டது. ஒரு மாவட்டத்துக்கே சான்றிதழ் கொடுக்கும் முறையை மாற்றியவரிடம் கடைசியில் கேட்கப்பட்டது அவர் சான்றிதழ். பெட்டி சாதி பார்க்காமல் இருக்கலாம். பெட்டியைக் கொண்டுவந்தவரை அரசு பார்த்தது.

5

2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் படித்த தலைமுறை நான். எங்கள் சேரியில் மின்விசிறி இல்லாத வீட்டுக்கும் மடிக்கணினி வந்தது. "ஓசிக் கம்ப்யூட்டர்ல சினிமா பாக்குதுங்க" என்று ஊர்த்தெருவில் பேசினார்கள். பார்த்தோம், மறுக்கவில்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் பார்த்தார்கள். அது பொழுதுபோக்கு, நாங்கள் பார்த்தால் ஊதாரித்தனம். அதே கணினியில்தான் மகாராஷ்டிர அரசு 1979லிருந்து வெளியிட்டுவந்த அம்பேத்கர் நூல் தொகுதிகளை நான் இறக்கிப் படித்தேன். எந்த நூலகத்திலும் எனக்குக் கிடைக்காத தொகுதிகள் அவை.

அந்தக் கணினியில் இருந்த பாஸ் லினக்ஸ் வழியாகத்தான் கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் பழக்கமானார்கள். நல்ல மனிதர்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சந்தேகம் கேட்டாலும் எழுதி விளக்குவார்கள். முகம் தெரியாது, ஊர் தெரியாது. அந்த முகம் தெரியாமையில் ஒரு விடுதலை இருந்தது. பிறகு ஒரு நாள் நேரில் கூடினோம். சாப்பிடும்போது ஒருவர் கேட்டார்: "தோழருக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?" 'எந்தப் பக்கம்' என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொன்னேன். சோறு அதே சோறுதான். பேச்சு மட்டும் கொஞ்சம் குறைந்துபோனது.

2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு, மென்பொருள் உலகில் 'எஜமான் – அடிமை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை மாற்றும் பேச்சு எழுந்தது. லினக்ஸ் உருவாக்குகிறவர்கள் அந்த ஆண்டே மாற்றுச் சொற்களைப் பரிந்துரைத்தார்கள். நம் ஊர்ப் பொறியாளர்கள் பலர் சிரித்தார்கள். "வார்த்தையில என்னப்பா இருக்கு?" பறையர் என்ற எங்கள் பெயர்தான் ஆங்கிலத்துக்குப் போய், 'எல்லாராலும் ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் அகராதியில் உட்கார்ந்திருக்கிறது. வார்த்தையில் என்ன இருக்கிறது என்று எங்களைக் கேட்காமல் சிரிக்கக் கூடாது.

6

கடல் கடந்தால் சாதி போய்விடும் என்பதும் ஒரு பொதுப்புத்தி. சென்னை ஐ.ஐ.டி. 1959இல் தொடங்கப்பட்டது. ஐ.ஐ.டி.களில் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் இட ஒதுக்கீடு வந்தது 1973இல். இடையில் 1965இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றிப் படித்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. நாம் உள்ளே நுழைவதற்கு முன்பே அங்கே படித்தவர்கள் அந்தக் கதவு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் 'தகுதி' என்று பேசப்பட்டதில், யார் முதலில் கிளம்பினார்கள் என்கிற இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது.

2020 சூன் 30 அன்று கலிபோர்னிய அரசின் துறையொன்று சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவர் இட ஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர் என்று மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார், புகார் செய்ததால் பழிவாங்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் இரண்டு அதிகாரிகள் மீதான வழக்கை மட்டும் அந்தத் துறை திரும்பப் பெற்றது. 2022 ஏப்ரலில் கூகுள் நிறுவனத்தில் சாதி பற்றிப் பேச இருந்த தேன்மொழி சௌந்தரராஜனின் பேச்சு, உள்ளே இருந்தே எழுந்த எதிர்ப்பால் நின்றுபோனது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். சாதியே இல்லாத இடத்தில் சாதிக்கு எதிரான சட்டத்தைத் தடுக்க இத்தனை பேர் ஏன் மெனக்கெட வேண்டும்?

7

ஆக, பெட்டிக்குச் சாதி தெரியாது என்பது உண்மைதான். எழுதுகோலுக்கும் தெரியாது, பனையோலைக்கும் தெரியாது. பிடித்திருந்த கைக்குத் தெரியும். பெட்டியை வெறுத்துப் பயனில்லை, பெட்டியை நம்பி உட்கார்ந்தும் பயனில்லை. நம் பிள்ளைகள் மென்பொருள் எழுதட்டும். அதோடு ஒவ்வொரு சேரியிலும் நாலு பேர் அ-பதிவேட்டைப் படிக்கவும் பழகட்டும். இணையத்தில் இருக்கிற சிட்டாவையும் பழைய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடட்டும். டி.சி. என்ற இரண்டெழுத்து எங்கெங்கே காணாமல்போனது என்று ஊர் ஊராகப் பட்டியல் எடுப்போம். அந்தப் பட்டியலையும் கணிப்பொறியில்தான் ஏற்றப்போகிறோம். இந்த முறை நாம் எழுதிப் போடுவோம்.

ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் கேட்கிறது: "பொட்டியில பேரு மாத்திட்டாங்களாடா?"

இன்னும் இல்லை, ஆயா.