வெட்டு... ஒட்டு... ஓட்டு!

அடுத்த தடவை காருக்குப் பஞ்சர் ஒட்டப் போனால், பட்டறை மூலையில் டயர் இல்லாமல் கிடக்கும் பழைய இரும்பு ரிம் ஒன்றைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெளியே ஒரு வளையம். உள்ளே நட்டு மாட்டுகிற ஓட்டைகளோடு ஒரு தட்டு. இரண்டையும் சேர்த்து வெல்டிங் வைத்திருப்பார்கள். அவ்வளவுதான் சக்கரம்!

அந்த வளையத்தைச் சுற்றளவு முழுக்க வெட்டி இரண்டாக்கி, நடுவே மூன்று அங்குல அகலத்தில் ஓர் இரும்புப் பட்டையை வளைத்து வைத்துப் பற்றவைத்தால் என்ன ஆகும்? ரிம் மூன்று அங்குலம் அகலமாகிவிடும்.

'வேலையத்த வேலை' என்கிறீர்களா? பௌதிகப் புத்தகமும் ஒருகாலத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கும்!

1699-ல் கியோம் அமோன்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் உராய்வு பற்றி இரண்டு விதிகளை வைத்தார். ஒன்று, எடை கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும். இரண்டு, தொட்டுக்கொண்டிருக்கும் பரப்பு பெரிதோ, சின்னதோ, உராய்வு மாறாது. ஒரு செங்கல்லைப் படுக்கப் போட்டு இழுங்கள். பக்கவாட்டில் நிறுத்தி இழுங்கள். ஒரே பலம்தான் தேவைப்படும். இந்தக் கணக்குப்படி சக்கரத்தை அகலமாக்குவது சுத்த தண்டம்.

ஆரம்ப காலத்து கார்களைப் பார்த்தால் அமோன்தோனுக்கு சந்தோஷமாக இருந்திருக்கும். 1908-ல் வந்த ஃபோர்டு 'மாடல் டி' காரின் பின்பக்க டயர் அகலம் மூன்றரை அங்குலம். முன்பக்கம் இன்னும் ஒல்லி, மூன்றே அங்குலம்! எஞ்சின் 20 குதிரைசக்திதான் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை.

1932-ல் அதே ஃபோர்டு, வி-8 எஞ்சினை சாமானியர்கள் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. 65 குதிரைசக்தி. இரண்டாம் உலகப்போர் முடிந்து கலிஃபோர்னியாவுக்குத் திரும்பிய பையன்களுக்கு இந்தப் பழைய ஃபோர்டுகள் காயலான் கடை விலைக்குக் கிடைத்தன. பட்டாளத்தில் ஸ்பானர் பிடித்துப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். எஞ்சினைக் குடைந்து பலம் ஏற்றினார்கள். 'ஹாட் ராட்' என்று அதற்குப் பெயர்.

1950-ல் சான்டா அனா விமானநிலைய ஓடுபாதையில் சி.ஜே. ஹார்ட் என்பவர் இவர்களுக்காகப் பந்தயம் நடத்த ஆரம்பித்தார். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி விழுந்ததும் கிளம்ப வேண்டும். கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் தாண்டுகிறாரோ, அவருக்கு வெற்றி.

அங்கேதான் சிக்கல். எஞ்சினில் பலம் ஏற ஏற, சக்கரம் நின்ற இடத்திலேயே 'விர்ர்ர்'ரென்று சுழன்றது. புகைதான் வந்தது, வண்டி நகரவில்லை. தரையில் பிடி இல்லை!

எடுத்தார்கள் கேஸ் கட்டரை. ரிம்மை வெட்டினார்கள், பட்டை சேர்த்தார்கள். அதன்மேல் பூ எதுவும் இல்லாமல் வழவழவென்று ரீட்ரேட் பண்ணிய டயர். நம்ம பாஷையில் மொட்டை டயர்! காற்றையும் பாதியாகக் குறைத்து, டயரைத் தரையோடு அப்பினாற்போல் உட்கார வைத்தார்கள்.

சும்மா வந்துவிடவில்லை இது. வெல்டிங் இம்மி கோணினாலும் சக்கரம் தாண்டவமாடும். அகலத்தை வெளிப்பக்கம் தள்ளினால் பேரிங் தேயும். உள்பக்கம் தள்ளினால் ஸ்பிரிங்கில் உரசும். கடைசியில் சக்கரத்தை அகலமாக்க, ஆக்ஸிலை வெட்டிக் குட்டையாக்க வேண்டியதாயிற்று!

பலன் இருந்ததா? கணக்கு போட்டுப் பார்ப்போம், வாருங்கள். உராய்வு விசை ஒரு வண்டியின் எடையைத் தாண்டாது என்று அந்த நாளில் பலர் நம்பினார்கள். அது நிஜமானால், எத்தனை பெரிய எஞ்சின் வைத்தாலும் 402 மீட்டரைக் கடக்கக் குறைந்தது 9.06 விநாடி ஆகும். பள்ளிக்கூட ஃபார்முலாதான், நீங்களே சரிபார்க்கலாம்.

1957 நவம்பரில் ஃப்ளோரிடா மாநிலம் புரூக்ஸ்வில்லில் டான் கார்லிட்ஸ் என்ற 25 வயது இளைஞர், தன் கையாலேயே கட்டிய வண்டியில் அதே தூரத்தைக் கடந்தார். 8.79 விநாடி! எல்லைக்கோட்டில் வேகம் மணிக்கு 176.40 மைல். கலிஃபோர்னியாக்காரர்கள் பலர் நம்பவே இல்லை. கடிகாரத்தில் கோளாறு என்றார்கள். ஆனால் 1964-ல் அதே கார்லிட்ஸ் 7.78 விநாடியில், 201 மைல் வேகத்தில் போனபோது யாரால் என்ன சொல்ல முடியும்?

அமோன்தோன் சொன்னது தப்பா? இல்லை. அவர் சொன்னது செங்கல்லுக்குச் சரி. ரப்பர் செங்கல் இல்லையே! அழுத்தினால் நசுங்கி, தரையின் ஒவ்வொரு பொடிக்கல்லையும் கவ்விக்கொள்ளும் ஜாதி அது. 1952-லேயே இங்கிலாந்தில் அடால்ஃப் ஷாலமாக் என்ற ஆராய்ச்சியாளர், ரப்பர் மேல் சுமை ஏறும்போது உராய்வு அதே விகிதத்தில் ஏறுவதில்லை என்று எழுதியிருந்தார். அப்படியென்றால்? ஒரே எடையை அதிகப் பரப்பில் பரப்பிவிட்டால் மொத்தப் பிடி கூடும். ஆய்வுக்கூடத்தில் ஷாலமாக் தராசு வைத்துக் கண்டதை, பட்டறையில் பையன்கள் புகையைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம் கம்பெனிகள் சும்மா இருக்குமா? 1967-ல் போன்டியாக் ஃபயர்பேர்டு, ஃபயர்ஸ்டோனின் 'வைடு ஓவல்' டயரோடு ஷோரூமுக்கே வந்துவிட்டது. வெட்டி ஒட்டிய அவசியம், அழகாகிவிட்டது!

ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் காய்ந்த தரையில், நேர்கோட்டில் ஓடும் வண்டிக்கான வித்தை. ஈர ரோட்டில் அகல டயர் தண்ணீரைச் சீக்கிரம் ஒதுக்க முடியாமல் அதன்மேல் மிதக்கப் பார்க்கும். மொட்டை டயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

நேர்கோட்டிலும் ஒரு விலை இருந்தது. பிடி கூடக் கூட எஞ்சினும் வளர்ந்தது, வேகமும் வளர்ந்தது. ஓடுபாதை மட்டும் வளரவில்லை. 2008 ஜூனில் நியூஜெர்சியின் இங்கிலீஷ்டவுனில் ஸ்காட் கலிட்டா என்ற வீரரின் வண்டியில் எஞ்சின் வெடித்தது. பாராசூட் கைகொடுக்கவில்லை. பாதை முடிந்தும் வண்டி நிற்கவில்லை. அவர் பிழைக்கவில்லை. அடுத்த மாதமே அதிவேகப் பிரிவுகளுக்கான தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தார்கள், நிற்பதற்கு இடம் வேண்டுமே என்று.

பிடி போதவில்லை என்று அன்றைக்கு ரிம்மை வெட்டினார்கள். கடைசியில், பந்தய தூரத்தையே வெட்டவேண்டி வந்தது.