ஆங்கிலத்தில் பணிவான மறுப்பு

ஒருவர் கொடுக்க முன்வரும் பொருளையோ உதவியையோ, விடுக்கும் அழைப்பையோ அவர் மனம் நோகாதபடி தவிர்ப்பதற்கு ஆங்கிலப் பேச்சில் வழங்கும் தொடர்கள் பணிவான மறுப்புத் தொடர்கள் எனப்படும். அவற்றுள் மிகவும் பழகியது ‘நோ, தேங்க் யூ’. பிரிட்டனில் குழந்தை பேசத் தொடங்கும்போதே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். வெறும் ‘நோ’ அங்கே முகத்தில் அடித்தாற்போல் ஒலிக்கும்.

ஆனால் அழைப்பு என்று வந்துவிட்டால் இந்த ஒரு தொடர் போதாது. ‘சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்களேன்’ என்று அழைக்கப்பட்டவர் சம்மதம் என்றால் உடனே பதில் சொல்வார். வர இயலாதவரோ ஒரு கணம் தயங்கி, ‘வெல்’ என்று இழுத்து, ‘தட்ஸ் வெரி கைண்ட் ஆஃப் யூ’ என்று நன்றி பாராட்டி, ‘பட் வீ ஹேவ் ப்ளான்ஸ்’ என்று காரணத்தில் முடிப்பார். ‘நோ’ என்ற சொல்லே வராது. காரணமும் விருப்பமின்மையாக இராது, இயலாமையாகவே இருக்கும். பல வேளைகளில் அந்தத் தயக்கத்தைக் கேட்டதுமே அழைத்தவர் ‘இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று தாமே வழிவிட்டுவிடுவார்.

இந்த அமைப்பை உரையாடல் பகுப்பாய்வு என்னும் துறை விரிவாக ஆராய்ந்துள்ளது. அதன் முடிவுகளைக் கொண்டு செலியா கிட்சிங்கரும் ஹன்னா ஃப்ரித்தும் 1999இல் எழுதிய கட்டுரை முக்கியமானது. அன்றாடப் பேச்சில் ‘நோ’ இல்லாத மறுப்பை எல்லோரும் தடையின்றிப் புரிந்துகொள்ளும்போது, பாலியல் வற்புறுத்தலில் மட்டும் ‘அவள் வேண்டாம் என்று சொல்லவில்லையே’ என்பது ஏற்கத்தக்க சாக்கு ஆகாது என்று அவர்கள் நிறுவினார்கள். இத்துறையிலிருந்து பொதுவாழ்வுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள கருத்துகளுள் இது ஒன்று.

மறுப்பு ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறது என்பதற்கு விளக்கம் தந்தவர்கள் பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன். சமூகவியலாளர் எர்விங் கோஃப்மனின் ‘முகம்’ என்ற கருத்தை, அதாவது பிறர் முன் ஒருவர் காத்துக்கொள்ள விரும்பும் மதிப்பை, அவர்கள் விரித்தார்கள். அழைப்பவருக்குத் தம்மை மதிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டு, மறுப்பவருக்குத் தம்மைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற எதிர்பார்ப்பு உண்டு. பணிவுத் தொடர்கள் இரண்டையும் ஒருசேரக் காக்கின்றன. 1978இல் வெளிவந்து 1987இல் நூலான இந்த ஆய்வு மூன்று மொழிகளை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலமும் மெக்சிகோவின் செல்தால் மொழியும் போக, மூன்றாவது கோயம்புத்தூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் லெவின்சன் திரட்டிய தமிழ்.

நாட்டுக்கு நாடு தொடர்கள் மாறும். அமெரிக்க உணவகத்தில் காப்பிக் குடுவையோடு வரும் பணியாளரிடம் கோப்பையைக் காட்டி ‘ஐம் குட், தேங்க்ஸ்’ என்றால், இன்னும் ஊற்ற வேண்டாம் என்று பொருள். பிரிட்டனில் இதே இடத்தில் ‘ஐம் ஆல் ரைட், தேங்க்ஸ்’ என்பார்கள். சிலர் ‘யூ ஆர் ஆல் ரைட்’ என்றும் சொல்வதுண்டு. நாம் நலம் என்று சொல்கிறார் என எண்ணிவிடக் கூடாது, அதுவும் மறுப்புதான். அழைப்பைத் தள்ளிப்போட உதவும் ‘ரெயின் செக்’ அமெரிக்கப் பேஸ்பால் மைதானங்களில் பிறந்தது. மழையால் ஆட்டம் நின்றால் வேறொரு நாள் வந்து பார்க்க 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரப்பட்ட சீட்டு அது. கடையில் விற்பனையாளரைத் தவிர்க்க ‘ஐம் ஜஸ்ட் லுக்கிங், தேங்க்ஸ்’ போதும். விருந்தில் ‘இட் வாஸ் டெலிஷஸ், பட் ஐம் ஃபுல்’ எங்கும் பொருந்தும். ‘ஐம் ஸ்டஃப்ட்’ நெருங்கியவர்களிடம் மட்டும்.

நன்றி சொல்லும் தொடரெல்லாம் பணிவானதும் அன்று. ‘தேங்க்ஸ், பட் நோ தேங்க்ஸ்’ என்பதில் நன்றி இருமுறை வந்தாலும் அது ஏளனமாகவே கேட்கும். இலக்கணப் பிழை இல்லாத ‘ஐ டோன்ட் வான்ட் இட்’ கோபமாக ஒலிக்கும். இவ்விரண்டையும் புதிதாகப் பழகுவோர் தவிர்க்க வேண்டும்.

அயர்லாந்தில் விருந்தினர் மறுத்தாலும் தேநீரை மீண்டும் மீண்டும் வற்புறுத்தும் வழக்கம் உண்டு. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் ஒருமுறை மறுத்தால் மறுத்ததுதான். மரியாதைக்காக முதலில் மறுத்துவிட்டு உபசரிப்புக்குக் காத்திருக்கும் பழக்கமுள்ளவர்கள், அங்கே பசியோடு இருந்தால் கேட்ட உடனே ஒப்புக்கொள்வது நல்லது.