நாட்டுப்புற மனையும் புதுமைக் கட்டடக் கலையும்

பங்களா என்று நாம் வழங்கும் சொல்லுக்கு ஒரு சொந்த ஊர் உண்டு. அது வங்காளம். மூங்கிலையும் வைக்கோலையும் கொண்டு வங்காளக் குடியானவன் கட்டிய, கூரை வளைந்து இறங்கிய குடிசையே முதல் பங்களா. பதினேழாம் நூற்றாண்டில் அங்கு வந்து தங்கிய ஆங்கிலேய வணிகர் அதன் அமைப்பை எடுத்துக்கொண்டனர். பின்னர் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தன. சுற்றிலும் தாழ்வாரம் அகன்றது. பெயர் கடல் கடந்து இங்கிலாந்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. அதே நூற்றாண்டில் விஷ்ணுபூரை ஆண்ட மல்ல மன்னர்கள், அக்குடிசையின் கூரையைச் செங்கல்லில் வடித்துக் கோயில் எழுப்பினர். 1655-இல் கட்டப்பெற்ற ஜோர் பங்களாக் கோயில் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. ஏழையின் குடிசை ஒரு பக்கம் அதிகாரியின் மாளிகையாகவும், மற்றொரு பக்கம் தெய்வத்தின் இல்லமாகவும் உயர்ந்தது எனலாம்.

இதற்கு நேர்மாறான வரலாறும் உண்டு. மேற்குக் கரையெங்கும் வீடுகளுக்கு அழகு தரும் சிவந்த ஓட்டை, நம் முன்னோர் காலந்தொட்டு வந்த பழம்பொருள் என்றே பலர் எண்ணுகின்றனர். பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியப் பாதிரிமார் 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையில் பிறந்தது அது. அன்று அது இயந்திரம் செய்த அந்நியப் பொருள். இன்றோ அதுவே மரபின் அடையாளம்! உள்ளூரில் கிடைத்த களிமண்ணால் ஆனது, பெருமழையைத் தாங்கியது, உடைந்தால் ஒற்றை ஓட்டை மட்டும் மாற்றலாம். ஆகவே மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். பழமை, புதுமை என்னும் வேறுபாட்டைக் காலம் அழித்துவிடுகிறது. பொருத்தம், பொருத்தமின்மை என்னும் வேறுபாடு மட்டும் அழிவதில்லை.

வேற்று மாநிலங்களில் பிழைப்பை நடத்தும் நம்மில் பலருக்கு இது வெறும் வரலாற்றுச் செய்தி அன்று. சொந்த ஊரில் ஒரு வீடு என்பது நம் வாழ்நாள் சேமிப்பின் குறிக்கோள். அதைக் கட்டத் தொடங்கும்போது இரண்டு வழிகள் நம்மை ஈர்க்கின்றன. நகரத்தில் கண்ட கண்ணாடியும் கான்கிரீட்டும் நிறைந்த பெட்டியை அப்படியே வயல்வெளியில் இறக்கிவைப்பது ஒன்று. அதே பெட்டியின் முன்னால், எங்கோ இடிக்கப்பட்ட பழைய வீட்டின் தேக்குத் தூண்களை வாங்கி நிறுத்துவது மற்றொன்று. இரண்டும் அந்த நிலத்தின் வெயிலையும் காற்றையும் கேளாமல் செய்யும் செயல்களே. கேட்டுக் கட்டியவர்களும் சென்ற நூற்றாண்டில் இந்நாட்டில் இருந்தார்கள். அவர்களுள் நால்வரை இங்கு நினைவுகூர்வோம்.

சாந்திநிகேதனத்தில் கவி தாகூர் 1935-இல் தமக்கென அமைத்துக்கொண்ட இல்லம் 'சியாமளி'. சுரேந்திரநாத் கர் வடிவமைத்த அவ்வீட்டில் சுவர் மட்டுமன்றிக் கூரையும் மண்ணாலேயே அமைந்தது. வைக்கோல் வேய்ந்த கூரையில் தீப்பிடிக்கும் அச்சம் எப்போதும் உண்டு. மண் கூரை அமைந்தால் சிற்றூர் மக்களுக்கு அவ்வச்சம் நீங்கும் என்பது கவியின் எண்ணம். வெளிச் சுவர்களில் கலாபவன மாணவர்கள் புடைப்புச் சிற்பங்களைச் செய்தனர். உலகெங்கும் சுற்றிப் பெரும் மாளிகைகளைக் கண்ட ஒருவர், மண்ணைச் சோதனைப் பொருளாக எடுத்துக்கொண்டார் என்பதே இதன் சிறப்பு. சாந்திநிகேதனம் 2023-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே, 1936-இல், வார்தாவுக்கு அருகிலுள்ள சேகாவ்ன் என்னும் சிற்றூரில் காந்தியடிகள் குடியேறினார். அவ்வூரே பின்னர் சேவாகிராமம் எனப் பெயர் பெற்றது. உள்ளூர்ப் பொருளும் உள்ளூர்த் தொழிலாளரும் போதும் என்பது அவர் விதித்த நிபந்தனை. மண்ணும் மூங்கிலும் மரமும் நாட்டு ஓடும் கொண்டு எழுந்த அக்குடில்களில் தாழ்வாரம் வெயிலைத் தடுத்தது. கட்டடத்துக்காகச் செலவான பணம் அவ்வூர்க் கைகளிலேயே தங்கியது. வீடு கட்டுவது ஓர் ஊருக்கு ஊதியம் அளிப்பது என்னும் உண்மையை அடிகள் இவ்வாறு செய்து காட்டினார்.

மூன்றாமவர் ஐரோப்பியர். சண்டிகர் நகரை வகுத்த லெ கார்பூசியே, அகமதாபாத்தில் மனோரமா சாராபாய் அம்மையாருக்காக ஒரு தோட்ட வீட்டை 1950களில் கட்டினார். புதுமையின் தலைவர் எனப் புகழ்பெற்ற அவர், அங்கு ஸ்பெயின் நாட்டுக் காடலோனியாவின் பழைய முறையைக் கையாண்டார். தட்டையான ஓடுகளை அடுக்கி அமைத்த வளைவுக் கூரைகள் அவ்வீட்டில் வரிசையாக நீள்கின்றன. அவற்றின்மேல் மண்ணிட்டுப் புல் வளர்த்தார். கூரையே தோட்டமாகி வெப்பத்தைத் தணித்தது. அப்பகுதியில் வீசும் காற்றின் திசையைப் பார்த்தே அறைகளைத் திறந்துவிட்டார். உள்ளே கால் பதியும் தரையோ நம் மதராஸ் கருங்கல். அயல்நாட்டு மரபும் அறிவோடு எடுத்தால் இம்மண்ணில் வேரூன்றும் என்பதற்கு இவ்வீடு எடுத்துக்காட்டு.

நான்காமவர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1945-இல் தொழுநோயாளர் இல்லங்களைக் கட்டும் பணிக்காக இந்தியா வந்தவர். இமயமலைச் சாரலில் பித்தோராகரில் வாழ்ந்த ஆண்டுகளில், மலைவாசிகள் தம் வீடுகளைக் கட்டிய முறையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பின்னர் கேரளத்துக்கு வந்து திருவனந்தபுரத்தில் நிலைத்து, 2007-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

பேக்கர் பழமையைப் படியெடுக்கவில்லை, கணக்கிட்டார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, இடையில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டை அவர் பரப்பினார். இதனால் செங்கல்லில் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சமாகும். சுவரினுள் தங்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். கான்கிரீட்டுத் தளத்தின் கீழ்ப் பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டுக்கு வேலை குறைவு. எனவே கம்பிகளின் இடையே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து வார்த்துச் சிமெண்டை மிச்சப்படுத்தினார். சன்னல்களுக்குப் பதில் பல இடங்களில் செங்கற்களிடையே துளை விட்ட ஜாலிச் சுவரை எழுப்பினார். காற்றும் வெளிச்சமும் வரும், பார்வை நுழையாது. மனையில் மரம் நின்றால் மரத்தை வெட்டவில்லை; சுவரை வளைத்தார். விஞ்ஞானமும் மரபும் இங்கு வேறு வேறாகத் தெரிவதில்லை.

இவர்களைப் போற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. நமக்கே உரிய ஓர் இடர்ப்பாடும் உண்டு. மண் சுவர் ஆண்டுதோறும் மெழுகுதலை வேண்டும். ஓட்டுக் கூரை மழைக்கு முன் ஒருமுறை பார்வையை வேண்டும். நாமோ திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊர் செல்பவர்கள். பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் முற்றம் எவ்வளவு அழகாயினும் சருகும் கரையானுமே குடியிருக்கும். ஆதலால் எந்தக் கூரை, எந்தத் தூண் என்று கேட்குமுன், 'இவ்வீட்டில் ஆண்டு முழுவதும் யார் வாழ்வார்?' என்று கேட்பதே அறிவு. முதிய பெற்றோர் வாழ்வராயின் படி குறைந்த, திண்ணையும் நிழலும் உள்ள சிறு வீடே போதும். ஒருவரும் இலராயின், பாதியை உறவினர்க்கோ ஆசிரியர்க்கோ குடியிருக்க விட்டு, பாதியை நமக்கென வைக்குமாறு வகுக்கலாம். விளக்கேற்ற ஆள் உள்ள வீடே நிலைக்கும்.

இன்னும் ஒன்று. சுண்ணாம்பு அரைக்கவும் ஓடு வேயவும் அறிந்த கொத்தனார்கள் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். வேலை கொடுப்பார் இல்லையேல் அவர்தம் கைத்திறன் அவர்களோடு போய்விடும். நாம் கட்டும் வீட்டில் ஓர் அறையேனும் அவர்கள் கையால் எழுந்து, அவர்கள் மக்கள் உடனிருந்து அதைக் கற்பார்களாயின், நாம் ஊருக்கு விட்டுச்செல்லும் சொத்து சுவரினும் பெரியதாகும்.