மன்னிப்புக் கேட்கவும் சட்டம் வேண்டும்

1974 மே மாதத்தில் ஓர் இரவு, ஒன்டாரியோ மாகாணத்தின் எல்மைரா என்ற சிற்றூரில், குடிபோதையில் இருந்த இரண்டு இளைஞர்கள் 22 இடங்களில் புகுந்து சேதம் விளைவித்தார்கள். ஜன்னல்கள் உடைந்தன, கார் டயர்கள் கிழிந்தன. பிடிபட்டதும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். வழக்கமான பாதையில் போயிருந்தால் சிறையோ அபராதமோ கிடைத்திருக்கும், ஊரும் மறந்திருக்கும்.

ஆனால் நன்னடத்தை அதிகாரி ஒருவர் நீதிபதிக்கு ஒரு யோசனை சொன்னார்: இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தால் என்ன? நீதிபதி கார்டன் மெக்கானல் முதலில் தயங்கினார். அப்படிச் செய்யச் சொல்லும் சட்டம் எதுவும் அன்று கனடாவில் இல்லை. பிறகு தீர்ப்பை ஒரு மாதம் தள்ளிவைத்து, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். இருவரும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, தாங்கள் யார் என்று சொல்லி, நஷ்டம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மொத்த சேதம் சுமார் 2,200 டாலர். அதில் பாதியைக் காப்பீடு ஈடுகட்டியது. மீதியை இருவரும் திருப்பித் தரவேண்டும் என்பது தீர்ப்பின் ஒரு பகுதி. சில மாதங்களில் மறுபடியும் அதே வீடுகளுக்குப் பணத்தோடு போனார்கள்.

இன்று உலகம் முழுவதும் ‘மறுசீரமைப்பு நீதி’ என்று பேசப்படும் முறையின் நவீன வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எல்மைராவில்தான் தொடங்குகிறார்கள். குற்றம் என்பது சட்டத்தை மீறியது மட்டுமல்ல, ஒரு மனிதருக்கு இழைத்த தீங்கு. அதைச் சரிசெய்யும் கடமை தீங்கு செய்தவருக்கு உண்டு என்பதே அதன் அடிப்படை. நான் வாட்டர்லூவில் முதுகலை படித்தபோது எல்மைரா பக்கத்து ஊர். மேப்பிள் பாகுத் திருவிழாவுக்குப் பலமுறை போயிருக்கிறேன். இந்தக் கதையைப் படித்தது பல வருடங்கள் கழித்துத்தான்.

கதையில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது நீதிபதியின் தயக்கம். நல்ல மனசுள்ள ஒரு நீதிபதி கிடைத்தால் ஒரு நீதி, கிடைக்காவிட்டால் வேறு நீதி என்றால் அது அதிர்ஷ்டம்தானே தவிர நீதி அல்ல. அந்த இடைவெளியைச் சட்டம் மெதுவாகத்தான் நிரப்பியது. 1984-இல் நடைமுறைக்கு வந்த இளம் குற்றவாளிகள் சட்டம், வழக்குக்குப் பதிலாக ‘மாற்று நடவடிக்கை’ எடுக்க வழிசெய்தது. 1996-இல் குற்றவியல் சட்டத் தொகுப்பு திருத்தப்பட்டு வயது வந்தவர்களுக்கும் அது விரிந்தது. தண்டனையின் நோக்கங்களில் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வதும், செய்த தீங்கை உணரவைப்பதும் இடம்பெற்றன. 2003-இல் வந்த இளையோர் குற்றவியல் நீதிச் சட்டம், வன்முறையில்லாத குற்றங்களுக்கு இளையோரைச் சிறையில் அடைக்கும் பழக்கத்தைக் குறைக்கவேண்டும் என்று தன் முன்னுரையிலேயே சொன்னது. 2014-இல் மானிடோபா மாகாணம் மறுசீரமைப்பு நீதிக்கென்றே தனிச்சட்டம் இயற்றியது.

இந்தச் சட்டங்களின் உயிர் சில சின்ன விதிகளில் இருக்கிறது. மாற்று நடவடிக்கைக்குச் சம்பந்தப்பட்டவர் மனமுவந்து சம்மதிக்கவேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையை அவருக்குச் சொல்லியிருக்கவேண்டும். ‘நான் செய்யவில்லை’ என்பவரை இந்த வழியில் தள்ளக்கூடாது. முக்கியமாக, அங்கே அவர் ஒப்புக்கொண்டதைப் பிறகு நீதிமன்றத்தில் அவருக்கு எதிரான சாட்சியமாக்க முடியாது. ஒப்புக்கொண்டபடி முழுவதும் செய்துமுடித்தால், நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தாகவேண்டும்.

மென்பொருள் துறையில் இருப்பவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். நள்ளிரவில் ஒரு சேவை முடங்கினால், மறுநாள் கூட்டத்தில் ‘யார் செய்தது?’ என்று தொடங்கினால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். ‘என்ன நடந்தது?’ என்று கேட்டு, சொல்பவருக்குப் பாதுகாப்பும் தந்தால்தான் உண்மை வெளியே வரும். ஒன்டாரியோ 2009-இல் இயற்றிய மன்னிப்புச் சட்டத்தின் தர்க்கமும் இதுவே. ஒருவர் ‘மன்னியுங்கள்’ என்று சொன்னதை உரிமையியல் வழக்கில் பொறுப்பை ஏற்றதாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் நம் ஊர்ப் பஞ்சாயத்து எப்போதோ செய்ததுதானே என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. ஆலமரத்தடியில் சமரசம் நடந்தது உண்மை. ஆனால் யார் உட்கார்ந்தார்கள், யார் கைகட்டி நின்றார்கள் என்பதும் உண்மை. சாதியும் செல்வாக்கும் தீர்ப்பு எழுதிய இடத்தில், சம்மதம் என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை. மறுக்கும் உரிமையும், வழக்கறிஞரும், மேலே ஒரு நீதிமன்றமும் இருப்பதுதான் வித்தியாசம். இலங்கையிலும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்தியஸ்த சபைகள் இயங்குகின்றன. சிறு குற்றங்கள் சிலவும் அங்கே பேசித் தீர்க்கப்படுகின்றன.

சட்டம் எழுதிவிட்டால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. 1996 திருத்தம், பூர்வகுடியினரின் சூழ்நிலையைத் தனிக் கவனத்தோடு பார்த்து, சிறைக்கு மாற்று உண்டா என்று யோசிக்கும்படி நீதிபதிகளைப் பணித்தது. 1999-இல் கிளாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாக விளக்கியது. மக்கள்தொகையில் சுமார் 3 சதவீதமான பூர்வகுடியினர் மத்திய அரசுச் சிறைகளில் 12 சதவீதம் என்று அந்தத் தீர்ப்பே வருந்தியது. 2020-இல் அது 30 சதவீதத்தைத் தாண்டியது. வறுமையையும், உறைவிடப் பள்ளிகள் விட்டுச்சென்ற காயத்தையும், பணமில்லாத சமூக அமைப்புகளையும் ஒரு சட்டப் பிரிவால் சரிசெய்ய முடியவில்லை.

நம் வீடுகளுக்கும் இதில் சேதி உண்டு. பிள்ளை ஏதோ செய்து போலீஸ் கதவைத் தட்டினால், ‘வெளியே தெரிஞ்சா மானம் போயிடுமே’ என்பதுதான் நமக்கு முதலில் தோன்றுவது. மூடிமறைக்கப் பார்க்கிறோம், பிள்ளையும் பேசாமல் இருக்கப் பழகுகிறான். நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் வழி இந்த வழக்கில் உண்டா என்று வழக்கறிஞரிடம் அன்றைக்கே கேளுங்கள். எல்லா வழக்குக்கும் அது கிடைக்காது. கிடைத்தால், எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்த்து ‘நான்தான் செய்தேன்’ என்று அவன் சொல்லவேண்டியிருக்கும். பயமில்லாமல் அதைச் சொல்லத் தேவையான பாதுகாப்பை இந்த நாட்டின் சட்டம் கொடுத்திருக்கிறது. அவனோடு பக்கத்தில் போய் உட்காரவேண்டியது நாம்.