மஞ்சள் பூ பூக்கும் ஸ்ட்ராபெர்ரி

திருவனந்தபுரத்திலிருந்து மூணாறுக்குப் போகிறவர்கள், ஈர மண்ணில் படர்ந்த கொடியில் சிவந்த பழத்தைப் பார்த்ததும் காட்டு ஸ்ட்ராபெர்ரி என்றே நினைப்பார்கள். மும்மூன்றாய் இலைகள், கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் தண்டு, சின்னஞ்சிறு பழம் எல்லாம் அப்படியே இருக்கும். வாயில் போட்டால்தான் தெரியும், இனிப்பும் இல்லை, மணமும் இல்லை. நஞ்சும் இல்லை.

இந்தச் செடி உலகம் சுற்றியது. 1807-இல் ஹென்றி ஆண்ட்ரூஸ் லண்டனில் இதை ஸ்ட்ராபெர்ரி இனத்தில் சேர்த்து, 'ஃபிராகேரியா இண்டிகா' என்று பெயரிட்டார். 1811-இல் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித், இது வேறு இனம் என்று பிரித்து 'டுஷெனியா' ஆக்கினார். அது பிரான்ஸின் அந்துவான் நிக்கோலா டுஷேனை நினைத்து வைத்த பெயர். 1714-இல் ஃபிரெசியே என்பவர் சிலியிலிருந்து பிரான்ஸுக்குக் கொண்டுவந்த ஸ்ட்ராபெர்ரியும் வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஸ்ட்ராபெர்ரியும் கலந்து பிறந்ததே இன்று கடையில் விற்கும் பழம். அந்தப் பிறப்பை 1766-இல் நூலாக எழுதி விளக்கியவர் டுஷேன். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அசல் பழத்தின் மரபைக் கண்டவரின் பெயர், அதைப்போலத் தோன்றும் செடிக்குப் போய்ச் சேர்ந்தது. அதுவும் நிலைக்கவில்லை. 1904-இல் தியோடர் வுல்ஃப் இதைப் 'பொட்டென்டில்லா' இனத்துக்கு மாற்றினார். பின்னாளில் வந்த மரபணு ஆய்வுகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன.

பெயர் மாறிக்கொண்டிருந்த காலத்தில் செடி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அழகுச் செடியாகத் தோட்டங்களில் குடியேறியது. தண்டு ஓடியது, பறவைகள் பழம் தின்று விதை பரப்பின. இன்று அங்கே பல புல்வெளிகளில் அது களை.

அடையாளம் காண்பது எளிது. ஸ்ட்ராபெர்ரிக்கு வெள்ளைப் பூ, இதற்கு மஞ்சள் பூ. பூவுக்கு அடியில் மூன்று பல் கொண்ட பச்சை இதழ்கள் வளையமாக விரிந்திருக்கும். ஸ்ட்ராபெர்ரி கனம் தாங்காமல் தொங்கும். இது நிமிர்ந்து நிற்கும். விதைகள் பழத்தின்மேல் துருத்திக்கொண்டிருக்கும். நம் மலைகளில் அசல் காட்டு ஸ்ட்ராபெர்ரியும் உண்டு. நீலகிரியின் பெயர் தாங்கிய ஃபிராகேரியா நீல்கெரென்சிஸ் அது. அதன் பூ வெள்ளை, பழமும் வெளிறியது.

இதைப் போலி என்று தள்ளுவது நியாயமில்லை. தனக்கென ஒரு குலம் உள்ள செடி இது. அடுத்த முறை மலையில் கண்டால், பழத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லாதீர்கள், பூவையும் பாருங்கள்.