சரக்கு இலவசம், கொசுறுக்கு விலை: கட்டற்ற மென்பொருள் பிழைத்த வரலாறு

காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு. சரக்குக்குத்தான் காசு, கொசுறுக்குக் கிடையாது. காலங்காலமாக இதுதான் கடை வழக்கம். கணினி உலகில் ஒரு கூட்டத்தார் இதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார்கள். சரக்கைச் சும்மா கொடுத்தார்கள், கொசுறுக்கு விலை வைத்தார்கள். வீட்டுக்கொரு பிள்ளை மென்பொருள் வேலையில் இருக்கும் இந்நாளில், இந்த வரலாற்றை நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

நாடாவில் தொடங்கிய வியாபாரம்

1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் 'க்னூ' திட்டத்தை அறிவித்தார். மென்பொருளின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. கொள்கை மட்டும் வயிற்றை நிரப்பாதே! 1985-இல் தம்முடைய 'ஈமாக்ஸ்' நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். வலைத் தொடர்பு உள்ளவர்கள் அதையே காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ஆக, அவர் விற்றது நாடாவையும் அனுப்பிவைக்கும் உழைப்பையும்தான்.

இங்கே பலருக்கும் ஒரு மயக்கம் உண்டு. கட்டற்றது என்றால் விற்கவே கூடாது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1989-இல் வந்த ஜி.பி.எல். உரிமம் விற்பனையைத் தடுக்கவில்லை. வாங்கினவர் அதை மறுபடி பகிர்வதைத் தடுக்காதே என்றுதான் சொல்கிறது.

வேர்ட்பிரஸ் காட்டிய வழி

2003-இல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் 'பி2' என்ற பழைய நிரலிலிருந்து கிளை பிரித்து வேர்ட்பிரஸை உண்டாக்கினார்கள். மறு ஆண்டே ப்ளக்-இன் எனும் துணை நிரலைச் செருகும் வசதி வந்தது. இன்று உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. அடித்தளம் இலவசம். அதன்மேல் போடும் அலங்காரமான தீம்களும் துணை நிரல்களும் பெரிய சந்தையாகிவிட்டன. 2008-இல் தொடங்கிய தீம்ஃபாரஸ்ட், பலர் செய்த தீம்களை ஒரே இடத்தில் விற்றுத் தரகு எடுத்துக்கொண்டது. 2011-இல் வூதீம்ஸ் நிறுவனம் இணையக் கடை நடத்த 'வூகாமர்ஸ்' நிரலை இலவசமாகவே விட்டது. கடை வளர வளர வேண்டிய கூடுதல் வசதிகளுக்கு மட்டும் கட்டணம். 2015-இல் முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனமே அதை வாங்கிக்கொண்டது.

வாங்கினவர் ஊருக்கெல்லாம் பகிரலாம் என்றால் எவன் காசு கொடுப்பான்? வியாபாரி கேட்க வேண்டிய கேள்விதான். விடை ஆண்டுச் சந்தாவில் இருக்கிறது. நிரலின் பிரதி யாரிடமும் கிடைக்கும். புதுப்பிப்பும், சிக்கல் வந்தால் பதில் சொல்ல ஆளும் விற்றவரிடம்தான் கிடைக்கும்.

கொசுறு இல்லாத சரக்கு

எல்லாச் சரக்குக்கும் இந்த வழி பொருந்தாது. வங்கிக் கணக்கு முதல் அஞ்சல் வரை இணையத்தில் போகும் செய்திகளைப் பூட்டி அனுப்புவதற்கு உலகமே நம்பியிருந்த நிரல் 'ஓப்பன்எஸ்எஸ்எல்'. கண்ணுக்குத் தெரியாத அஸ்திவாரக் கல் அது. அதற்கு அலங்காரம் செய்து விற்க என்ன இருக்கிறது? 2014-இல் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டபோதுதான், அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் என்று ஊருக்குத் தெரிந்தது. பிறகே பெரிய நிறுவனங்கள் கூடிப் பணம் போட்டன.

சந்தையின் சாவி

சந்தை இருந்தாலும் சண்டை வரும். வேர்ட்பிரஸால் பிழைக்கும் நிறுவனங்கள் தம் வளத்தில் 5 சதம் பொதுப்பணிக்குத் தர வேண்டும் என்று 2014-இல் முல்லன்வெக் கேட்டார். நம் வணிகர்கள் எடுத்துவைத்த மகமை போலத்தான். ஆனால் அது மனமுவந்து கொடுப்பது. 2024 செப்டம்பரில், டபிள்யூ.பி. எஞ்சின் நிறுவனம் பொதுப்பணிக்கு வாரம் 40 மணி நேரமே தருகிறது, தம் நிறுவனமோ மூவாயிரத்துக்கும் மேல் தருகிறது என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அக்டோபரில் வழக்கு. அதே மாதம் அந்நிறுவனத்தின் 'ஏ.சி.எஃப்.' துணை நிரல் இருந்த இடத்தைப் பொதுக் களஞ்சியத்தில் முல்லன்வெக் தரப்பு எடுத்துக்கொண்டு வேறு பெயர் சூட்டியது. டிசம்பரில் கலிஃபோர்னியா நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின் அது திரும்பி வந்தது.

சும்மா எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுக்காதவர்மேல் கோபம் வருவது இயல்பு. ஆனாலும் பத்துப்பேர் கடை போட்ட சந்தையின் சாவி ஒருவர் இடுப்பில் இருந்தால், அந்தக் கோபம் நாளைக்கு யார் கடையையும் பூட்டும். நிரல் கட்டற்றதாக இருந்தால் போதாது, சந்தையின் நிர்வாகமும் பொதுவில் இருக்க வேண்டும். நாற்பது ஆண்டு வரலாறு சொல்வது இதுதான்.

நம்மில் கடைக்கு இணையதளம் வைத்திருப்போர் பலர். அதில் எந்தெந்தத் துணை நிரல் ஓடுகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். சந்தா கட்டக்கூடியதற்குக் கட்டுங்கள், கட்ட வழியில்லாத அஸ்திவார நிரலுக்கு ஒரு சிறு தொகை அனுப்புங்கள். அதைத் தர்மக் கணக்கில் எழுத வேண்டாம், கடைச் செலவில் எழுதுங்கள்.