மீத்தேனாக்கிகள்

ஆக்சிஜன் அற்ற சூழலில் மீத்தேனை உண்டாக்கும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர்கள். சாண எரிவாயுக் கலனில் கழிவு சிதையும் தொடரின் இறுதிக் கட்டம் இவற்றுடையது. முந்தைய கட்டங்களில் பாக்டீரியாக்கள் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவற்றை உடைத்து, கொழுப்பு அமிலங்களாகவும், பின்னர் அசிட்டேட், ஹைட்ரஜன், கரியமில வாயு ஆகவும் மாற்றுகின்றன.

மீத்தேனின் பெரும்பங்கு பொதுவாக அசிட்டேட்டிலிருந்தே வருகிறது. மெத்தனோத்ரிக்ஸ் என்னும் மீத்தேனாக்கி அசிட்டேட்டை மட்டுமே உண்பது. அசிட்டேட்டின் செறிவு குறைந்த கலன்களில் மேலோங்கும். மெத்தனோசார்சினா என்னும் மற்றொன்று பலவகை உணவேற்பது. அமோனியாவையும் ஓரளவு தாங்கும். ஹைட்ரஜனை உண்ணும் இனங்களின் பணி வாயு தருவதோடு முடிவதில்லை. ஹைட்ரஜன் தேங்கினால் புரோப்பியோனேட், பியூட்டிரேட் ஆகியவற்றைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் செயலிழக்கும். இக்கூட்டுவாழ்வே கலனின் மிக நொய்ந்த கண்ணி எனலாம்.

மீத்தேனாக்கிகள் மெதுவாகப் பெருகுபவை. கழிவை அளவுக்கு மீறி இட்டால் அமிலம் தேங்கி, நடுநிலையை ஒட்டியிருக்க வேண்டிய கார அமில நிலை சரிந்து, கலன் புளித்துப்போகும். புதுக் கலனில் சாணக் கரைசலையோ இயங்கும் கலனின் கழிவுக் குழம்பையோ விதையாக இடுவது இவற்றைக் குடியேற்றவே. மிதவெப்பக் கலன்கள் ஏறத்தாழ 35 பாகை, உயர்வெப்பக் கலன்கள் 55 பாகை செல்சியஸில் இயங்குகின்றன.

அலெசாந்திரோ வோல்ட்டா 1776இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரிச் சேற்றிலிருந்து எரியும் வாயுவான மீத்தேனைச் சேகரித்தார். 1977இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் மீத்தேனாக்கிகள் பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட உயிர்ப் பெரும்பிரிவு எனக் காட்டினர்.